சைக்கிளின் திரவத் தடுப்பு



ஒரு வண்டி நல்ல வண்டியா என்று கேட்போர் பெரும்பாலும் அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதையே விசாரிக்கின்றனர். அது எவ்வளவு விரைவாக நிற்கும் என்று கேட்போர் மிகச் சிலரே. ஓடாத வண்டியால் நேரும் நட்டம் சிறிது. நடந்தாவது போய்ச் சேரலாம். நிற்காத வண்டியால் நேரும் நட்டத்துக்கோ ஈடு கிடையாது. ஆகவே, இன்றைய பேச்சில் சைக்கிளை ஓட்டும் பாகங்களை விடுத்து, அதனை நிறுத்தும் பாகத்தைப் பற்றியே கூற எண்ணுகின்றேன். அதிலும், அண்மைக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும் ஒரு புதுவகைத் தடுப்பே இன்றைய பொருள். எண்ணெய் நிரம்பிய மெல்லிய குழாயின் வழியே கையின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இதனைக் கடைகளில் 'ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்' என்பர். நாம் இதனைத் திரவத் தடுப்பு என்று அழைப்போம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சைக்கிள் இல்லாத வீடு அரிது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நிலம் மேடின்றிப் பரந்து கிடக்கின்றது. மிதிப்பவரை வருத்தும் ஏற்றமும் இல்லை. தானாக ஓடும் இறக்கமும் இல்லை. மீன் விற்பவர், வயலுக்குச் செல்பவர், பாடசாலைப் பிள்ளைகள் ஆகிய யாவருக்கும் ஏற்ற வாகனம் இதுவே. 1924ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற பழைய கல்லடிப் பாலம் தன் வாழ்நாளிற் கண்ட சைக்கிள்களை எண்ணி முடியாது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவையில் ஏற்றிக் கடத்தப்பட்ட சைக்கிள்கள் இன்று பாலத்தின் மீது தாமாகவே ஓடிக் கடக்கின்றன. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதனைத் தேடி எடுத்தார்கள். புதிதாக வாங்கியவர்களும் பலர். அவ்வாறு வந்த வண்டிகளுட் சிலவற்றில் இத்திரவத் தடுப்பு அமைந்திருக்கின்றது.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆயினும், காலை ஏழரை மணிக்கு முன்னே பாடசாலை வாயிலில் நின்று, பிள்ளைகள் பிரதான வீதியைக் கடந்து உள்ளே நுழைவதை நாள்தோறும் பார்ப்பவன். பேருந்தும் பாரவண்டியும் விரையும் வீதியோரத்தில் அவர்களின் உயிருக்குக் காவலாக நிற்பது விரலால் அமுக்கும் அந்தச் சிறு பிடியே. மேலும், கருவிகளின் இயல்பை ஆராய்வது தமிழ் கற்பிப்போர்க்குப் புறம்பான வேலையன்று. நம் மண்ணிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானமும் கற்றவர், தமிழும் கற்றவர். 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலிலே பண்டை யாழின் அமைப்பைக் கணிதத்தின் துணைகொண்டு விளக்கியவர். அவர் காட்டிய வழியிலே நாமும் நம் வீட்டு முற்றத்திலுள்ள கருவியொன்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், தடுத்தல் என்றால் என்ன என்பதை அறிதல் வேண்டும். ஓடும் சைக்கிளிலே இயக்க சக்தி குடிகொண்டிருக்கின்றது. சக்தியை அழித்தல் இயலாது. ஒன்றை இன்னொன்றாக மாற்றவே இயலும். தடுப்பு அந்த இயக்க சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுகின்றது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில், அதன் சக்தி 1,000 யூல். வேகம் இருமடங்காகி மணிக்கு 36 கிலோமீற்றர் ஆகுமாயின், சக்தி இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகி 4,000 யூல் ஆகின்றது. ஆகவே, ஒரே அளவு அழுத்தித் தடுத்தால், முன்னர் 3 மீற்றரில் நின்ற வண்டி இப்போது 12 மீற்றர் ஓடிய பின்னரே நிற்கும். ஆபத்தைக் கண்டு கை அமுக்குவதற்குள் செல்லும் தூரம் இதனோடு தனியாகச் சேரும். விரைந்து ஓட்டும் இளைஞர்கள் இக்கணக்கை மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.

நம் தந்தையர் காலத்து ராலி, ஹம்பர் போன்ற சைக்கிள்களில் இரும்புக் கம்பிகள் இழுக்க, ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை, அதாவது றிம்மை, அழுத்தின. எளிய அமைப்பு, பழுது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், கிராமத்துத் திருத்துநரே சரிசெய்துவிடுவார். ஆனால், மார்கழி மாத மழையிலே நனைந்த உருக்கு விளிம்பைக் கட்டை பற்றாமல் வழுக்கும் அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. வீதி நீரும் சேறும் முதலிற் படுவது விளிம்பிலேயே. புதுவகைத் தடுப்பில், சக்கரத்தின் நடுவே மெல்லிய உருக்குத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனை இருபுறமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கும். தட்டு தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் நீரும் சேறும் அதிற் படுவது குறைவு. நனைந்தாலும் சில சுற்றுகளில் நீர் துடைக்கப்பட்டுவிடும். விளிம்பு சற்றுக் கோணினாலும் தடுப்புக் கெடுவதில்லை.

இனி, கை அமுக்கும் பிடியிலிருந்து அந்தத் தட்டுக்கு வலிமை செல்வது எவ்வாறு? இதற்கு விடை கூறியவர் 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பஸ்கால். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. பிடியினுள்ளே சிறு உருளையும் அதனுள் ஒரு முசலமும் உள்ளன. சக்கரத்தருகே உள்ள கவ்வியில் இரண்டு பெரிய முசலங்கள் உள்ளன. உதாரணமாக, பிடியிலுள்ள முசலத்தின் விட்டம் 10 மில்லிமீற்றர் என்றும், கவ்வியிலுள்ள ஒவ்வொன்றின் விட்டமும் 20 மில்லிமீற்றர் என்றும் கொள்வோம். விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே, பிடியின் முசலம் தள்ளும் விசையின் நான்கு மடங்கு ஒவ்வொரு கட்டையையும் அழுத்தும். இரண்டு விரல்களின் மெல்லிய அமுக்கத்துக்கே வண்டி அடங்கி நிற்பதன் இரகசியம் இதுவாகும்.

ஆனால், இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகும்போது நகர்ச்சி குறைகின்றது. மேற்கூறிய கணக்கின்படி, பிடியின் முசலம் 8 மில்லிமீற்றர் நகர்ந்தால், கவ்வியின் முசலங்கள் ஒவ்வொன்றும் 1 மில்லிமீற்றரே நகரும். எண்ணெயைச் சுருக்க இயலாது என்பதனாலேயே இந்தச் சிறு நகர்ச்சி பிசகாமல் நிகழ்கின்றது. காற்றோ சுருங்கக் கூடியது. குழாயினுள் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், நம் கையின் உழைப்பெல்லாம் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பிடி பஞ்சுபோல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பிடி மெத்தென்று இருக்கின்றது என்றால், உள்ளே காற்று இருக்கின்றது என்றே முதலிற் பொருள் கொள்ளுங்கள்.

இக்கருவியின் வரலாற்றையும் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். தட்டுத் தடுப்புக்கு 1902ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் காப்புரிமை பெற்றார். நான்கு சக்கரங்களிலும் திரவத் தடுப்புடைய டியூசன்பெர்க் மோட்டார் வண்டி 1921இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1953இல் பிரான்சின் லெமான் ஓட்டப் பந்தயத்தில் தட்டுத் தடுப்புப் பூட்டிய ஜாகுவார் வண்டி வென்றதன் பின்னர், அதன் பெருமை உலகெங்கும் பரவியது. சைக்கிளுக்கு இது வந்து சேர நெடுங்காலம் சென்றது. முதலில் மலைப்பாதைச் சைக்கிள்களில் வேரூன்றியது. வீதிப் பந்தயச் சைக்கிள்களில் அதனைப் பயன்படுத்தச் சர்வதேச சைக்கிள் சங்கம் முழு அனுமதி வழங்கியது 2018ஆம் ஆண்டிலேதான்.

அடுத்து, எண்ணெயைப் பற்றிக் கூற வேண்டும். இப்பேச்சிலே நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க இயலுமாயின், அது இப்பகுதியாக இருக்கட்டும். திரவத் தடுப்புகளில் இரண்டு வகை எண்ணெய்கள் பயன்படுகின்றன. ஒன்று கனிய எண்ணெய். ஷிமானோ, மகுரா போன்ற உற்பத்தியாளர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். மற்றையது 'டொட்' என்னும் பெயரோடு எண் குறிக்கப்பட்ட தடுப்புத் திரவம். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது இதுவே. சைக்கிள் தடுப்புச் செய்வோருட் சிலரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இவ்விரண்டும் பார்வைக்கு எண்ணெய்களே. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றல் கூடாது. உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் ஒரு வகை எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை. மாற்று எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பருத்துக் கெட்டுவிடும்.

இது புத்தகத்திற் படித்த செய்தி மட்டுமன்று. சில ஆண்டுகளுக்கு முன், படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து எம் பாடசாலைக்கு வரும் மாணவி ஒருத்தியின் சைக்கிளில், பிடி மெத்தென்று போகத் தொடங்கியது. அவளுடைய தந்தை ஒரு கமக்காரர். எண்ணெய் குறைந்துவிட்டது என்று சரியாகவே ஊகித்தார். எல்லா எண்ணெயும் ஒன்றுதான் என்று யாரோ கூற, மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய திரவத்தையே அதில் நிரப்பினார். இரண்டு வாரங்கள் தடுப்பு நன்றாகவே பிடித்தது. பின்னர் ஒரு நாட்காலை, சந்தைக்கு அண்மையில், பிடி முழுவதும் உள்ளே போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. கவ்வியிலிருந்து எண்ணெய் கசிந்து தட்டு முழுவதும் பரவியிருந்தது. பிள்ளை வேலியோரமாகத் திருப்பி விழுந்தமையால், முழங்காற் காயத்தோடு தப்பினாள். எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் பேருந்து வரும் பாதை. அந்தத் தந்தையை நாம் குறைகூற இயலாது. மகளின் வண்டியைக் கவனித்த நல்ல தந்தை அவர். எடுத்துச் சொல்வார் இல்லாததே குறை. அதனாலேயே இப்பொருளை வானொலியிற் பேச விரும்பினேன்.

ஆகவே, எண்ணெய் ஊற்றுமுன் பிடியின் மேலுள்ள சிறு தொட்டியின் மூடியைப் பாருங்கள். எந்த எண்ணெய் என்பது பெரும்பாலும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையேல், உற்பத்தியாளரின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். ஷிமானோவின் கனிய எண்ணெய் இளஞ்சிவப்பு நிறமுடையது, மகுராவினது நீலநிறமுடையது. எனினும், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது. கனிய எண்ணெய் என்றவுடன் இயந்திரங்களுக்கு ஊற்றும் ஏதேனும் ஓர் எண்ணெயை எடுத்துவிடவும் வேண்டாம். தடுப்புக்கென்றே விற்கப்படுவதே உரியது. இன்னொரு நுட்பமும் உண்டு. டொட் 5 என்பதும் டொட் 5.1 என்பதும் ஒன்றல்ல. முன்னையது சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது. டொட் 4 கேட்கும் வண்டியில் அதனை ஊற்றலாகாது. ஒரு புள்ளியிலே இருக்கின்றது வேற்றுமை.

டொட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறிய பின்னர் அதற்கு நியமிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 155 பாகை மட்டுமே. எங்கும் நீர் சூழ்ந்த நம் பிரதேசத்தின் காற்று ஈரம் மிகுந்தது. ஆதலால், திறந்து பல மாதங்கள் கிடந்த போத்தலிலுள்ள திரவத்தை ஊற்ற வேண்டாம்; தடுப்பிலுள்ள திரவத்தையும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நன்று. கனிய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால், எப்படியேனும் நீர் உள்ளே புகுந்தால், அது கரையாது தாழ்ந்த இடத்தில், அதாவது கவ்வியில், தங்கிவிடும். அங்கேதான் வெப்பமும் மிகுதி. நீர் 100 பாகையிற் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

நம் சமநிலத்தில் தடுப்பு அவ்வளவு சூடாகுமா என்று நீங்கள் கேட்கலாம். சாதாரணமாக ஆகாது. ஆனால், செங்கலடியிலிருந்து மேற்கே செல்லும் ஏ5 நெடுஞ்சாலை மகாஓயாவைத் தாண்டி மலையேறிப் பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் செல்கின்றது. விடுமுறையில் அவ்வழியே சைக்கிளிற் பயணம் செய்யும் இளைஞர்கள் இக்காலத்தில் உள்ளனர். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. முன்னர்க் கூறிய 80 கிலோகிராம் பாரம் அவ்வுயரத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது விடுபடும் சக்தி, ஒன்றேமுக்கால் லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். ஏனையது தடுப்பின் பங்கு. எனவே, இறக்கத்தில் பிடியைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே வருதல் ஆகாது. அமுக்கி வேகத்தைக் குறைத்து, விட்டுக் குளிரச் செய்து, மீண்டும் அமுக்குதல் வேண்டும். இறங்கி நின்றவுடன் தட்டைத் தொடுதலும் ஆகாது, தோலைச் சுட்டுவிடும்.

மூன்றாவது பகை எண்ணெய்ப் பசை. தட்டிலும் கட்டையிலும் துளி எண்ணெயும் படலாகாது. வாவிக்கரையில் இதற்கு வாய்ப்புகள் அதிகம். சைக்கிளின் பின்புறத்தில் மீன்பெட்டி கட்டிச் செல்வோர் உள்ளனர். பனிக்கட்டி உருகி வடியும் நீரில் உப்பும் உண்டு. மீனின் கொழுப்பும் உண்டு. அது நேரே பின்சக்கரத் தட்டில் வடியுமாயின், கட்டை அதனை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் தடுப்புக் கீச்சிடும், பிடிக்காது. பெட்டியின் அடியில் நீர் வடியும் வழியை மறுபுறமாகத் திருப்பிவிடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதும் தட்டைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கீச்சிடும் ஓசையை அடக்கத் தேங்காயெண்ணெய் விடுவோரும் உளர். ஓசை நிச்சயமாக அடங்கும். தடுப்பும் உடன் அடங்கிவிடும். விரலிலுள்ள பசைகூடத் தீங்கு செய்யுமாதலால், தட்டின் முகத்தைத் தொடாதிருப்பதே நன்று. தட்டு அழுக்கானால் மருந்துக் கடையிற் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைச் சுத்தமான துணியில் தோய்த்துத் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய கட்டையைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவதே மேல்.

உப்புக்காற்றும் மணலும் நம் கரையோரத்தின் பொதுப் பகைகள். கடற்கரை வீதியில் ஓடிய வண்டியையும், வெள்ள நீரைக் கடந்த வண்டியையும் வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் மென்மையாகக் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வாகனம் கழுவும் இடங்களில் விசையோடு பீறிடும் நீரைக் கவ்வியின் மீதும் பிடியின் மீதும் அடிக்க விடாதீர்கள். அந்த நீர் ரப்பர் வளையங்களைக் கடந்து உட்புகக் கூடும்.

அடுத்து, நம் பழக்கம் ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். ரியூப்பில் துளை விழுந்தால், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துவதே நம் வழக்கம். திரவத் தடுப்புள்ள வண்டியில் இது நல்லதன்று. பிடியிலுள்ள தொட்டியின் மேற்பகுதியிற் சிறிது காற்று இருக்கலாம். நிமிர்ந்து நிற்கும்போது அது தீங்கு செய்யாது. கவிழ்த்தால் அது குழாயினுள் ஏறக் கூடும். கவிழ்க்க நேர்ந்துவிட்டால், வண்டியை நிமிர்த்திய பின் சிறிது நேரம் அப்படியே விட்டு, பிடியைப் பல முறை மெல்ல அமுக்கி, கெட்டியாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே ஏறுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிடியை அமுக்கவே கூடாது. இடையில் தட்டு இல்லாமையால் முசலங்கள் வெளியே வந்து, கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே போகாது. கழற்றியவுடன் மடித்த தடித்த அட்டைத்துண்டு ஒன்றைக் கட்டைகளுக்கிடையே செருகி வைத்தால், கவலை தீர்ந்தது.

இனி, வீட்டிற் செய்ய வேண்டிய பரிசோதனையைக் கூறுகின்றேன். நாள்தோறும் ஏறுமுன் இரண்டு பிடிகளையும் அமுக்கிப் பாருங்கள். அவை கெட்டியாக நிற்க வேண்டும். கைப்பிடிச் சட்டத்தைத் தொடலாகாது. வாரத்துக்கொரு முறை, பிடியை அரை நிமிடம் அமுக்கியபடி வைத்திருங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே நழுவுமாயின், எங்கோ கசிவு உண்டு. குழாயின் இணைப்புகளிலும் கவ்வியைச் சுற்றியும் ஈரம் தெரிகின்றதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, தட்டு உரசும் ஓசை கேட்கின்றதா என்று கவனியுங்கள். உரசினால், கவ்வியைப் பிணைக்கும் இரண்டு ஆணிகளைச் சற்றுத் தளர்த்தி, பிடியை அமுக்கியவாறே அவற்றை மீண்டும் இறுக்கினால், கவ்வி தானே நடுவில் வந்து அமரும். சுழலும் தட்டுக்கருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். சிறு பிள்ளைகளை இவ்வேலையின்போது தள்ளியே நிறுத்துங்கள்.

மாதத்துக்கொரு முறை, கட்டைகளின் தடிப்பைப் பாருங்கள். இது மிக முக்கியம். பழைய தடுப்பில் கட்டை தேயத் தேயப் பிடி தளர்ந்து நம்மை எச்சரிக்கும். திரவத் தடுப்பிலோ, கட்டை தேயும் அளவுக்கு முசலம் தானே முன்னேறித் தேய்வை மறைத்துவிடும். கட்டை முற்றாகத் தேய்ந்து, இரும்பு தட்டைச் சுரண்டும் ஓசை கேட்கும் வரை பிடியில் மாற்றம் தெரியாமலே இருக்கக்கூடும். தேயும் பகுதி 0.5 மில்லிமீற்றருக்குக் குறையுமுன் மாற்றிவிட வேண்டும் என்பது ஷிமானோவின் அறிவுரை. வங்கி அட்டையொன்றின் தடிப்பு ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர். அவ்வட்டையின் தடிப்புக்குக் கட்டை வந்துவிட்டதென்றால், புதியது வாங்கும் நாள் வந்துவிட்டது என்று அறிக. தட்டும் தேயும். புதிதாக 1.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஷிமானோ தட்டை 1.5 மில்லிமீற்றரில் மாற்றுதல் வேண்டும்.

புதுக்கட்டை பூட்டியவுடன் வீதிக்குச் செல்ல வேண்டாம். வாகனமில்லாத திடலொன்றில் சற்று வேகமாக ஓட்டி, நடைவேகத்துக்கு வரும் வரை அமுக்கி, முற்றாக நிறுத்தாமல் விட்டு, மீண்டும் ஓட்டுங்கள். இவ்வாறு இருபது முறை செய்தால், கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று இணங்கிவிடும். அதற்கு முன் தடுப்பின் முழு வலிமையும் கிடையாது. இவ்வேளையிலே பிள்ளைகளுக்கு ஒன்றைக் கற்பியுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத் தடுப்புக்கே உரியது. ஆனால் மணலிலும் ஈரத்திலும் அதனை வெடுக்கென்று அமுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். எந்தப் பிடி முன்சக்கரத்துக்குரியது என்பது வண்டிக்கு வண்டி மாறலாம். இரவல் வண்டியில் ஏறுமுன் அதனை அறிந்துகொள்வது அவசியம்.

காற்றை வெளியேற்றி எண்ணெய் மாற்றுவதைப் பொறுத்தவரை, உரிய ஊசிக்குழாயும் உரிய எண்ணெயும் செய்துகண்ட அனுபவமும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். அதன் தத்துவம் எளிது. கட்டைகளைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, புதிய எண்ணெயைச் செலுத்தி, பழையதையும் குமிழிகளையும் வெளியே தள்ளுவதே அது. முன்பின் செய்யாதவர் திருத்துநரிடம் கொடுப்பதே நன்று. கொடுக்கும்போது எந்த எண்ணெய் என்பதை நீங்களும் கூறுங்கள். டொட் திரவம் வண்டியின் நிறப்பூச்சை அரிக்கும், தோலுக்கும் ஆகாது, சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள். கழித்த எண்ணெயை வடிகாலிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம். மோட்டார் திருத்தகத்திற் கழிவெண்ணெய் சேர்ப்பவரிடம் கொடுங்கள். இந்த வாவியின் மீனையும் இறாலையும் உண்டு வளர்ந்தவர்கள் நாம்.

இறுதியாக, புதிய சைக்கிள் வாங்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு சொல். பார்வைக்கு ஒரே மாதிரியான தட்டுத் தடுப்புகளுள் சில எண்ணெயால் இயங்குபவை. சில கம்பி வடத்தால் இயங்குபவை. பிடியிலிருந்து வருவது எண்ணெய்க் குழாயா, உள்ளே கம்பியுள்ள வடமா என்று கேட்டறியுங்கள். எண்ணெயால் இயங்குவதாயின், அதற்குரிய கட்டையும் எண்ணெயும் நம் ஊரிற் கிடைக்குமா என்று அடுத்துக் கேளுங்கள். கிடைக்காதெனில், கம்பி வடத் தடுப்பையோ, நல்ல ரப்பர்க் கட்டைத் தடுப்பையோ தெரிந்தெடுப்பதில் இழிவு எதுவுமில்லை. நம் சமநிலத்தில், ஒழுங்காகப் பேணப்படும் எளிய தடுப்பு, பேணப்படாத உயர்ந்த தடுப்பைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. உயர்ந்த கருவியை வாங்கப் பணம் போதும். அதனைப் பேணுவதற்கு அறிவும் ஒழுங்கும் வேண்டும்.

நேயர்களே, நாளைக் காலை உங்கள் பிள்ளை சைக்கிளில் ஏறுமுன், இரண்டு பிடிகளையும் ஒருமுறை நீங்களே அமுக்கிப் பாருங்கள். அதற்குச் செல்வது ஐந்து செக்கன். கெட்டியாக இருந்தால் அனுப்பி வையுங்கள். மெத்தென்று இருந்தால், அன்று அந்தப் பிள்ளை நடந்து வரட்டும். பாடசாலைக்குச் சற்றுப் பிந்தி வந்தாலும் பாதகமில்லை. எந்த அதிபரும் அதற்காகக் கோபிக்க மாட்டார்.